ஊதினால் வயிற்றுக் கிருமி தெரிந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டு வருடமாக மேல்வயிற்றில் எரிச்சல். அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல் மாத்திரை போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. எண்டோஸ்கோப்பி என்றால் பயம். 'பையில் ஊதிக் கொடுங்கள், லேசர் மெஷின் கிருமியைக் காட்டிவிடும்' என்கிறார் டாக்டர். ஊதியே சுகர், கோவிட் எல்லாம் கண்டுபிடிக்கலாம் என்கிறார் நண்பர். நம்பலாமா?

பதில்: டாக்டரை நம்பலாம். நண்பர் கொஞ்சம் அவசரப்படுகிறார்.

டாக்டர் தேடுவது ஹெலிகோபேக்டர் பைலோரியை. வயிற்றுப் புண்ணுக்கும் இந்தக் கிருமிக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். (மார்ஷல் அந்தக் கிருமியைக் குடித்தே பார்த்தவர். நீங்கள் ஊதினால் போதும்!) இரைப்பை அமிலத்தில் பிழைக்க இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அமோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் ஆக்குகிறது. அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

முதலில் வெறும் வயிற்றில் ஒரு பையில் ஊதுவீர்கள். அப்புறம் கார்பன்-13 என்ற கார்பன் வகையால் அடையாளம் போட்ட யூரியாவைக் கலந்து குடிக்கக் கொடுப்பார்கள். இதில் கதிர்வீச்சு கிடையாது. அரை மணி நேரம் கழித்து இன்னொரு பை. கிருமி இருந்தால் அடையாளம் போட்ட கார்பன் ரத்தம் வழியாக நுரையீரலுக்கு வந்து, இரண்டாவது பையில் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். கார்பன்-13 சாதாரணக் கார்பனைவிடச் சற்றுக் கனமானது. தடித்த தந்தியில் சுருதி இறங்குவது போல, கனமான கார்பன் டை ஆக்சைடு விழுங்கும் அகச்சிவப்பு ஒளியின் அலைநீளமும் சற்றுத் தள்ளிப் போகிறது. லேசரைச் சரியாக அந்த அலைநீளத்தில் வைத்துப் பாய்ச்சி, ஒளி எவ்வளவு குறைகிறது என்று மெஷின் அளக்கிறது.

இரண்டு பை எதற்கு என்று நோயாளிகள் அடிக்கடி கேட்பார்கள். இயற்கையிலேயே கார்பனில் சுமார் 1.1 சதவீதம் கார்பன்-13தான். கம்பு, சோளம், கேழ்வரகு, கரும்பு ஆகியவற்றில் அது அரிசியைவிடச் சற்று அதிகம். காலையில் கம்பங்கூழ் குடித்துவிட்டுப் போனால் கணக்கு குழம்பலாம். அதனால்தான் வெறும் வயிறு, அதனால்தான் முதல் பை.

சரி, சுகர்? சர்க்கரை கட்டுமீறி, உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் ஏறியவர்கள் மூச்சில் அசிட்டோன் என்ற கீட்டோன் கூடும், பழவாசனை அடிக்கும். ஆனால் ஒரு நாள் முழுக்க விரதம் இருந்தாலும் அசிட்டோன் கூடும். அதை வைத்து சுகர் அளவைச் சொல்ல முடியாது, விரலில் குத்தித்தான் ஆக வேண்டும். கோவிட்டைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் போல்டர் நகரில் இயற்பியலாளர் ஜூன் யே குழுவினர் 170 பேரின் மூச்சை லேசரால் அலசி, சுமார் 85 சதவீதத் துல்லியம் கிடைத்ததாக 2023இல் எழுதினார்கள். நல்ல ஆராய்ச்சிதான், ஆனால் பக்கத்து லேபில் கிடைக்காது. பைலோரி டெஸ்டில் நாமே அடையாளம் போட்டு அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கிறோம். மற்றவற்றில், மூச்சிலுள்ள நூற்றுக்கணக்கான வாயுக்களில் எது எந்த நோயால் வந்தது என்று பிரிக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். பாண்டோபிரசோல் கிருமியை அடக்கி வைப்பதால், இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு இரண்டு வாரம் நிறுத்துங்கள். ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் நான்கு வாரம் போகட்டும். கிருமி இருந்து மருந்து சாப்பிட்டால், முடிந்து நான்கு வாரம் கழித்து மறுபடி ஊதிப் பார்க்க வேண்டும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

மலம் கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, ரத்தசோகை, வீட்டில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் என்று ஏதாவது இருந்தால் மட்டும் ஊதுவதோடு நிற்காதீர்கள். அப்போது எண்டோஸ்கோப்பிதான். மயக்க ஊசி கேட்டு வாங்கிக்கொள்ளலாம், பெரும்பாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.