கனடாவுக்கு வரமுன் பிள்ளைக்கு எந்தக் கணக்கு?

தங்கச்சி, ஓகஸ்டில் இலங்கையில் களுவாஞ்சிகுடியிலிருந்து ரொறன்ரோவுக்கு வரப்போறதாக எழுதியிருந்தீங்க. மகள் அங்க தமிழ் மொழிமூலத்தில் தரம் 7. இங்க வந்து கணக்கில் பின்னுக்குப் போகாமலிருக்க இப்பவே என்ன படிப்பிக்கிறது, ஒன்பதாம் ஆண்டுக் கணக்குக்கு ரியூசன் ஒன்றில் சேர்த்துவிடட்டா என்று கேட்டிருந்தீங்க.

சேர்க்க வேண்டாம். இருக்கிற மாதங்களில் பின்னம், விகிதம், திசைகொண்ட எண்கள் (நேர், மறை எண்கள்) இந்த மூன்றையும் அவள் அடிவேர் வரைக்கும் விளங்கிக்கொள்ளட்டும். செய்த கணக்கை வாய்விட்டுச் சொல்லப் பழகட்டும். அது போதும்.

முதலில் வகுப்புப் பயத்தை விடுங்க. ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் வயதைப் பார்த்துத்தான் வகுப்பில் போடுறாங்க. அந்த வருஷம் டிசம்பர் முடியமுன் 12 வயது நிறைகிற பிள்ளை செப்டெம்பரில் தரம் 7க்குப் போகும். நம்மட ஊரில் ஜனவரியில் தரம் 7 தொடங்கின பிள்ளை, பாதிக்கு மேல் படித்துவிட்டு இங்க வந்து அதே வகுப்பைத் தொடங்குது. வந்த உடனே ஆங்கிலத்திலும் கணக்கிலும் பிள்ளை எந்த மட்டத்தில் இருக்கு என்று பார்ப்பாங்க. அது என்ன உதவி தேவை என்று அறியத்தான், வகுப்பை இறக்க இல்லை.

இங்க தரம் 1 முதல் 8 வரைக்குமான கணிதப் பாடத்திட்டம் 2020இல் மாறினது. தரம் 7இல் பின்னம், சதவீதம், விகிதம், எளிய சமன்பாடு, வட்டத்தின் பரிதியும் பரப்பளவும், நிகழ்தகவு, இடை (சராசரி), இடையம் (வரிசையில் நடு எண்), ஆகாரம் (கூடத் தடவை வருகிற எண்) எல்லாம் வரும். பெயரைக் கேட்டாலே தெரியும், இதில் கனக்க நம்மட புத்தகங்களிலும் உள்ளதுதான். புதுசாக இருப்பது ரெண்டு விஷயம். ஒன்று கோடிங் (கம்பியூட்டருக்குக் கட்டளை எழுதுறது), அது கணக்குப் பாடத்துக்குள்ளேயே வருது. மற்றது காசு விஷயம்: நாணய மாற்று, வட்டி வீதம், வரவு செலவுத் திட்டம். ரெண்டையும் இங்க வந்து வகுப்பில் படிக்கலாம். கோடிங் வகுப்பு என்று அங்க காசைக் கொட்டாதீங்க.

நம்மட பிள்ளைகள் தடுமாறுற இடம் வேற. இங்க புள்ளி போடும்போது நாலு விஷயம் பார்க்கிறாங்க: அறிவும் விளக்கமும், சிந்தனை, எடுத்துச் சொல்லுதல், பிரயோகம். விடை சரியாக இருந்தாலும், எப்படி வந்தது, ஏன் அந்த வழி என்று எழுதாவிட்டால் நடுவில் உள்ள சிந்தனை, எடுத்துச் சொல்லுதல் ரெண்டிலும் புள்ளி விழுந்துபோகும். ஊரிலிருந்து வருகிற பிள்ளைகள் சிலருக்கு வீட்டுவேலையில் நான் உதவுறனான். கை வேகம் பார்க்கச் சந்தோசமாக இருக்கும். "ஏன் அப்பிடிச் செய்தனீ?" என்று கேட்டால் பேச்சு நின்றுபோகும்.

ஒரு கணக்குச் சொல்றன். முக்கால் ஏக்கர் காணியை அரைக்கால் ஏக்கர் துண்டுகளாகப் பிரித்தால் எத்தனை துண்டு? பிள்ளை உடனே 1/8ஐத் தலைகீழாக்கி, 3/4ஐ 8ஆல் பெருக்கி, 6 என்று எழுதும். சரி. ஏன் தலைகீழாக்கினது? இதற்கு நம்மட காணி அளவே பதில் சொல்லும். ஒரு ஏக்கர் 160 பேர்ச். அரைக்கால் ஏக்கர் 20 பேர்ச். அப்ப ஒரு முழு ஏக்கருக்குள் அப்படி 8 துண்டு இருக்கு. முக்கால் ஏக்கரில் அந்த எட்டின் முக்கால் பங்கு, 6. எட்டால் பெருக்கினதன் காரணம் அதுதான். பெட்டி ஒன்று கீறி, எட்டாகப் பிரித்து, ஆறைத் தீட்டிக் காட்டச் சொல்லுங்க. இதைத் தன் வாயால் சொல்லுற பிள்ளை இங்க எந்த வகுப்பிலும் தலை நிமிர்ந்து இருக்கும்.

விகிதத்துக்குக் குசினியே போதும். 3 சுண்டு அரிசிக்கு 6 சுண்டு தண்ணி என்றால், 5 சுண்டு அரிசிக்கு எவ்வளவு? "மூன்று கூட்டினால் ஆறு, அப்ப ஐந்துக்கு எட்டு" என்று சொல்லுற பிள்ளைகள் இருக்கிறாங்க. பத்து என்று சொன்னால் மட்டும் விடாதீங்க, எட்டு ஏன் பிழை என்றும் கேளுங்க. கூட்டி யோசிக்கிறதிலிருந்து பெருக்கி யோசிக்கிறதுக்கு மாறுறதுதான் இந்த வயதின் பெரிய படி. சதவீதமும், பிறகு வருகிற நேர்கோட்டு வரைபுகளும் அதன் மேலதான் நிற்குது. மறை எண்ணுக்கு இங்கத்தைய குளிரை வைத்துக் கேளுங்க: காலையில் மறை 12, பகலில் மறை 5, எத்தனை பாகை ஏறினது? ஏழு. மறை 5இலிருந்து மறை 12ஐக் கழித்தால் நேர் 7 வருகிற காரணம் அப்பவே பிடிபடும்.

இதெல்லாம் தமிழிலேயே கேளுங்க. தமிழில் தெளிவாக விளங்கினதுக்கு ஆங்கிலம் பிடிக்கக் கன காலம் எடுக்காது. இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தரம் 7 கணிதப் புத்தகம் ஆங்கிலத்திலும் இருக்கு, இணையத்தில் இலவசமாக இறக்கலாம். பாடம் அதேதான். தமிழ்ப் புத்தகத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம் பார்த்தால் போதும்.

வாய்ப்பாட்டைக் கைவிட வேண்டாம். கனடாவில் கல்குலேற்றர் இருக்குத்தானே என்று சிலர் சொல்வாங்க. இங்கத்தைய பாடத்திட்டமே தரம் 5இல் 12 தர 12 வரைக்கும் நினைவில் இருக்கவேணும் என்று கேட்குது.

ஒன்பதாம் ஆண்டுப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். முந்தி தரம் 8 முடியவே பிள்ளையைப் பிரித்து, ஒரு பக்கம் பல்கலைக்கழகப் பாதை, மறுபக்கம் லேசான கணக்கு என்று விடுவாங்க. தாய் தகப்பன்மார் அதை நினைத்துத் துடித்ததை நேரில் கண்டிருக்கிறன். 2021 செப்டெம்பரிலிருந்து தரம் 9 கணிதத்தில் அந்தப் பிரிப்பு இல்லை, ஒரே பாடம்தான்.

வரும்போது மகளின் தேர்ச்சி அறிக்கை, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு மூன்றையும் கைப்பையில் வையுங்க, பள்ளிக்கூடப் பதிவில் கேட்பாங்க. முதல் பெற்றோர் சந்திப்பில் ரீச்சரிடம் மொத்தப் புள்ளியை மட்டும் கேட்டுவிட்டு எழும்பாதீங்க. புள்ளி போடுற அந்த நாலு விஷயத்தில் எது குறைவு என்று கேட்டு, பிள்ளை எழுதின தாள் ஒன்றைக் காட்டச் சொல்லுங்க. ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று முன்கூட்டியே பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவையுங்க.