முதலில் மாற்றவேண்டியது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். ஒரு கிடங்கில் சரக்கு தேங்கிக் கிடக்கிறது, இன்னொன்றில் ஸ்டாக் இல்லை. புதிய மென்பொருள் வந்தால் எல்லாம் சரியாகும் என்கிறது நிர்வாகம். முதலில் நடைமுறையை மாற்றுவோம் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெரும்பாலும் நீங்கள்தான்.

1980களில் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்தில் சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கணினி வைத்தால் 400 ஆகக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அப்புறம் ஜப்பானின் மாஸ்டா கார் நிறுவனத்தைப் பார்த்தால், அங்கே அதே வேலைக்கு 5 பேர். மாஸ்டா சிறிய நிறுவனம்தான், அதற்காக இவ்வளவு வித்தியாசமா? பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த ரசீது, சப்ளையர் அனுப்பும் பில்லான இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போகாதபோது காரணம் தேடுவதிலேயே ஃபோர்டு ஆட்களின் பொழுது போய்க்கொண்டிருந்தது. கடைசியில் இன்வாய்ஸையே எடுத்துவிட்டார்கள். சரக்கு இறங்கும் இடத்திலேயே ஆர்டரோடு ஒப்பிடுவது, பொருந்தினால் பணம், இல்லாவிட்டால் சரக்கு திரும்பிப் போகும். முக்கால்வாசி ஆட்கள் அங்கே தேவைப்படவில்லை.

ஆனால் இறங்குமிடத்தில் ஆர்டரைத் திறந்துபார்க்கக் கணினி இருந்ததால்தான் இது நடந்தது. ஆகவே நடைமுறை முழுக்கச் சீரான பிறகே கணினி என்று நீங்களும் பிடிவாதம் பிடிக்கவேண்டாம்.

உங்கள் சிக்கலுக்கு நெருக்கமானது பிராக்டர் அண்ட் கேம்பிளின் டயப்பர் விவகாரம். குழந்தைகள் சீராகத்தான் நனைக்கின்றன, கடை விற்பனையும் ஏறக்குறைய சீராகவே இருந்தது. ஆனால் விநியோகஸ்தர்களின் ஆர்டர் ஏறி இறங்கியது. மூலப்பொருளுக்கு நிறுவனம் போட்ட ஆர்டர் அதைவிட மோசம். கடையிலிருந்து பின்னே போகப்போக ஏற்ற இறக்கம் பெரிதாகும் இதற்குப் புல்விப் (bullwhip, சாட்டை) விளைவு என்று பெயர். மாதம் ஒருமுறை மொத்தமாக ஆர்டர் போடுவது, தள்ளுபடி வந்தால் வாங்கி அடுக்குவது, தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டால் தேவைக்கு மேல் கேட்டுவைப்பது எல்லாம் இதற்குக் காரணங்கள். இப்படிப்பட்ட ஆர்டர்களை உள்ளே போட்டால் எந்த மென்பொருளும் அடுத்த மாதத்துக்கும் அதே மேடுபள்ளத்தைத்தான் கணித்துத் தரும். மாதக் கடைசி டார்கெட்டை எட்ட உங்கள் விற்பனைப் பிரிவே டீலர் தலையில் சரக்கைக் கட்டுகிறது என்றால், அதைத் தட்டிக்கேட்க மென்பொருளால் முடியாது.

ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கான கடை விற்பனையையும் உங்களுக்கு வந்த ஆர்டர்களையும் ஒரே தாளில் இரண்டு கோடுகளாக வரையுங்கள். முதல் கோடு சீராகவும் இரண்டாவது தாறுமாறாகவும் இருந்தால், மென்பொருள் விற்க வருபவர்களுக்கு முன்னால் அந்தத் தாள் நிர்வாகத்தின் மேசைக்குப் போகட்டும். இரண்டுமே தாறுமாறு என்றால் வாடிக்கையாளரின் தேவையே அப்படித்தான் இருக்கிறது. அப்போது நான் உங்கள் நிர்வாகத்தின் பக்கம்.