கேட்டுவிட்டு எடுக்கலாமே

கேள்வி: காலிமுகத்திடலில் அம்மா இறால் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பையன் கேட்காமலே வீடியோ எடுத்தான். அழிக்கச் சொன்னேன். "பொது இடம்தானே அக்கா" என்றான். அம்மா இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. நான் கேட்டது பிழையா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: பிழையே இல்லை, தங்கச்சி. சட்டத்தை மட்டும் பார்த்தால் அந்தத் தம்பி சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுப்பதே குற்றம் என்று இங்கே சட்டம் இல்லை. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; சொந்த, வீட்டுத் தேவைக்கு ஒருவர் எடுத்து வைத்திருப்பதை அது தொடாது.

ஆனால் உங்கள் அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கொழும்பில் பொலிஸ் பதிவும் சோதனைச் சாவடியும் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. தெரியாத ஒருவர் நம் முகத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறார் என்றால் அவர்களுக்கு வயிறு கலங்கும். 2009இல் போர் முடிந்தாலும் அந்த நடுக்கம் லேசில் போகாது. கமெராவோடு திரிந்ததற்காக என்னையே கோட்டையில் இரண்டு முறை நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள்.

நானும் இந்தத் தவறைச் செய்தவன்தான். செட்டியார் தெருவில் ஆடிவேல் நாளன்று பூ விற்ற ஒரு அம்மாவைக் கேட்காமல் எடுத்தேன். நல்ல வெளிச்சம், நல்ல முகம். படம் ஒரு பத்திரிகையில் வந்தது. அடுத்த வாரம் அவருடைய மகன் தேடி வந்தார். தங்கையின் புகுந்த வீட்டாருக்கு, அம்மா தெருவில் பூ விற்கிறார் என்பது தெரியாதாம். அவர் சத்தம் போடவில்லை. "ஒரு சொல் கேட்டிருக்கலாமே அண்ணை" என்றார். நெகட்டிவை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து கமெராவைத் தூக்கிக் காட்டித் தலையசைத்துக் கேட்கிறேன். கேட்டால் முகம் விறைத்துவிடும் என்பார்கள். முதல் படம் அப்படித்தான் வரும். இரண்டு வார்த்தை பேசுங்கள், நாலாவது படத்தில் சரியாகிவிடும். புறக்கோட்டையில் நடைபாதை வியாபாரிகள் பலர் தாங்களே கூப்பிட்டு நிற்பார்கள். எடுத்ததைக் காட்டினால் பக்கத்துக் கடைக்காரரும் வந்துவிடுவார்.

இனி இப்படி நடந்தால், ஃபோனில் அழித்தவை தங்கும் பகுதியிலிருந்தும் நீக்கச் சொல்லுங்கள். இணையத்தில் போட்டுவிட்டால் அந்தத் தளத்திலேயே முறையிடுங்கள். கேலி, தொந்தரவு என்று போனால் பொலிஸிடம் போகத் தயங்க வேண்டாம்.

கேள்வி: வேல் ரதத்தைப் படம் எடுக்கலாமா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வீதியில் வரும் ரதத்தைத் தாராளமாக எடுங்கள். கண்ணை மூடி அழுது கும்பிடுகிறவர்களை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் அவர்களிடம் போய் அனுமதி கேட்கவும் முடியாது.