ஊதியமில்லாப் பொதுத் திட்டங்களுக்கு மக்கள் ஏன் உழைக்கிறார்கள்?

காசு கிடைக்காத பொதுத் திட்டங்களுக்கு மக்கள் ஏன் நேரம் ஒதுக்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்ப்பற்று, சமூக அக்கறை என்று சொல்லிவிடலாம். ஆனால் அவை ஒருவரை வாசல்வரை அழைத்து வருமே தவிர, உள்ளே இருத்தி வைக்காது என்பது என் கருத்து.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, இணையத்தில் இலவசமாக வழங்கும் இம்முயற்சியில் பல நாடுகளில் வாழும் தமிழர்கள் சேர்ந்தார்கள். தமிழ் நூலகமே இல்லாத ஊரில் இருப்பவருக்கு அந்த நூல் முதலில் தமக்கே தேவைப்பட்டது. பிறருக்குப் பயன்படுவது அதன் தொடர்ச்சி. 10,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட கம்பராமாயணம் முழுவதையும் தட்டச்சிடச் சொன்னால் எவரும் மலைப்பார், ஒரு படலம் என்றால் சில மாலைகளில் முடித்துவிடுவார். 'ற' வரவேண்டிய இடத்தில் 'ர' இருப்பதையும், விடுபட்ட ஒற்றையும் கண்டுபிடித்துத் திருத்துவதில் கிடைக்கும் சின்னஞ்சிறு மகிழ்ச்சியைச் செய்து பார்த்தவர்களே அறிவார்கள். கோப்பின் தலைப்பகுதியில் தட்டச்சிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் இடம்பெறுவதும் சிறிய ஊக்கமன்று.

விக்கிப்பீடியாவிலும் இதே கதைதான். அங்கே தம் முதல் திருத்தம் காரணம் சொல்லப்படாமல் நீக்கப்படுவதைக் கண்ட புதியவர், எவ்வளவு பற்றுள்ளவராயினும், பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.