விரதமா காரணம்?

கேள்வி: அமெரிக்காவின் ஷேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் கல்யாணமே கூடாது என்று விதித்துக்கொண்டு அழிந்துபோனார்களே, தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதானே இது?

பதில்: ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் உங்கள் கணக்கு உதைக்கிறது. அந்தச் சபையின் தலைவி ஆன் லீ 8 பேருடன் மான்செஸ்டரிலிருந்து நியூயார்க் வந்திறங்கியது 1774இல். அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், மெய்ன் முதல் கென்டக்கி வரை பரவியிருந்த ஷேக்கர் குடியிருப்புகளில் சுமார் 4,000 பேர் வாழ்ந்தார்கள். அத்தனை பேரும் அதே பிரமச்சரியத்தில் இருந்தவர்கள்தாம்.

எழுப்புதல் எனப்படும் மத எழுச்சிக் கூட்டங்களில் மனம் மாறியவர்கள், விதவைகள், நாதியற்ற குடும்பங்கள், அநாதைக் குழந்தைகள் என ஆட்கள் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தவரை சபை வளர்ந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு தொழிற்சாலைச் சரக்கு மலிந்து, ஷேக்கர்களின் துடைப்பத்துக்கும் விதைப் பொட்டலத்துக்கும் சந்தை சுருங்கியது. இளைஞர்கள் கூலி தேடி நகரத்துக்குப் போனார்கள். அநாதைகளை வளர்க்க வேறு நிறுவனங்கள் வந்தன. வளர்த்த பிள்ளைகளையும் இவர்கள் கட்டிப்போடவில்லை. இருப்பதா போவதா என்பதை 21 வயதில் அவர்களே முடிவு செய்தார்கள், பெரும்பாலோர் போனார்கள். கத்தோலிக்கக் கன்னியர் மடங்களும் பிரமச்சரியத்தில்தான் நடக்கின்றன, ஆனால் அவற்றைச் சுற்றிக் கோடிக்கணக்கான இல்லறத்தார் இருக்கிறார்கள். ஷேக்கர்களுக்கு அந்தச் சுற்றுவட்டம் அமையவில்லை. விரதத்தைக் குறை சொல்வதானால் இந்த அளவுக்குச் சொல்லலாம்.

மேலும், அவர்கள் இன்னும் அழிந்துவிடவில்லை. 1960களில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் கான்டர்பரியிலிருந்த ஷேக்கர் தலைமை இனி யாரையும் சேர்ப்பதில்லை என்று கதவைச் சாத்தியபோது, மெய்னிலுள்ள சாபத்டே லேக் குடியிருப்பு அதற்கு உடன்படவில்லை. 2017இன் தொடக்கத்தில் அங்கே மிஞ்சியவர்கள் 2 பேர்தான் என்றாலும், சபை கலைக்கப்படவில்லை.

ஷேக்கர் என்றதும் இன்று பலருக்கும் நினைவு வருவது நாற்காலி. பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் தரை கீறக்கூடாது என்று பின்கால்களின் அடியில் உருளும் மரக்குமிழ் பொருத்தினார்கள். கூட்டும்போது இடைஞ்சல் இல்லாமலிருக்க, நாற்காலிகளைச் சுவரிலுள்ள முளைகளில் மாட்டினார்கள். மெச்சத்தக்க வேலைதான், ஆனால் ஏலத்தில் அதற்கு விலை கேட்பவர்கள் அதைச் செய்தவர்களின் வாழ்க்கையைப் பற்றி விசாரிப்பதில்லை. தங்களை உலகம் ஒரு நாற்காலியாகவோ மேசையாகவோதான் நினைவில் வைத்திருக்கும் போலிருக்கிறது என்று சாபத்டே லேக்கின் மில்ட்ரெட் பார்க்கர் சலித்துக்கொண்டதில் நியாயம் உண்டு. நாற்காலியைத் தாண்டி அந்த வாழ்க்கையில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920இல். ஷேக்கர் சபையிலோ லூசி ரைட் என்ற பெண் 1796 முதல் 1821 வரை தலைமை வகித்தார்.