எடை குறைய வேண்டாம், ஏறாமல் இருந்தால் போதும்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. உயரம் 135 செ.மீ., எடை 42 கிலோ. வகுப்பில் கேலி செய்கிறார்களாம். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிடலாமா? அக்கா தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறாள். மாமியாரோ, "வளர்ற பிள்ளை, தானா இளைச்சிடுவான்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் மகனின் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண்) சுமார் 23. பெரியவர்களுக்கான அட்டவணையில் வைத்துப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் குழந்தைகளுக்கு வயதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி, 9 வயதுப் பையனுக்கு 20.5-ஐத் தாண்டினாலே உடல்பருமன். எனவே தானாக இளைத்துவிடுவான் என்று காத்திருக்க வேண்டாம்.

அதற்காகப் பட்டினியும் போட வேண்டாம். இந்த வயதில் பிள்ளைகள் வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். இரண்டு வருடத்தில் 146 செ.மீ. வந்து, எடை அதே 42 கிலோவில் நின்றால் பிஎம்ஐ 20-க்குக் கீழே வந்துவிடும். ஒரு கிலோகூடக் குறைக்காமலே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினால், பத்து மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் தேடிப் போவான், அவ்வளவுதான்.

அக்காவின் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் தைராய்டு குறைபாடு இருந்தால் பிள்ளையின் உயரமும் தடைபடும். உங்கள் மகன் வயதுக்குச் சராசரியைவிடச் சற்று உயரமாகவே இருக்கிறான். எடை ஏறிக்கொண்டே போய், உயரம் மட்டும் நின்றுவிட்டால்தான் ஹார்மோன் பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

சரி, எங்கே கை வைப்பது? முதலில் அவன் குடிப்பதைப் பாருங்கள். 200 மில்லி மாம்பழ ஜூஸ் பாக்கெட்டில் ஏறக்குறைய 5 டீஸ்பூன் சர்க்கரை இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்த்து 5-ஆல் வகுத்தால் டீஸ்பூன் கணக்கு வந்துவிடும். பாலில் கலக்கும் சத்துமாவு பவுடர்கள் பலவற்றிலும் சர்க்கரை ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அதற்கு மேல் நாம் வேறு இரண்டு ஸ்பூன் போடுகிறோம்! வெறும் பால், தண்ணீர், மோர் போதும். ஜூஸுக்குப் பதிலாக முழுப் பழத்தையே கொடுங்கள்.

அடுத்து, பள்ளி விட்டு வந்ததிலிருந்து டியூஷன் முடியும்வரை உள்ள நேரம். பெரும்பாலான வீடுகளில் மிக்ஸர், பப்ஸ், பரோட்டா எல்லாம் உள்ளே போவது அப்போதுதான். பசியோடு வரும் பிள்ளையிடம் "தின்னாதே" என்று சொல்லிப் பயனில்லை. சுண்டல், வேகவைத்த முட்டை, கொய்யா, இரண்டு இட்லி என ஏதாவது வயிறு நிறையும்படி தயாராக இருக்கட்டும். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். கொள்ளுச் சுண்டல் தாராளமாகச் செய்யலாம், ஆனால் கொள்ளு கொழுப்பைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எடை குறைக்கும் டீ, பவுடர் எதுவும் பிள்ளைக்கு வேண்டாம்.

சோற்றை விலக்கத் தேவையில்லை. தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் பாதி இடத்தைப் பிடிக்கட்டும், பருப்போ முட்டையோ மீனோ கால்வாசி, மீதி இடத்தில் சோறு. பசித்தால் இரண்டாவது முறை பொரியல் கேட்கலாம். டிவியும் போனும் சாப்பிடும் இடத்தில் வேண்டாம். கண் திரையில் இருந்தால் வயிறு நிறைந்தது தெரியாது.

ஒன்று முக்கியம். இதையெல்லாம் அவனுக்கு மட்டும் சட்டமாக்காதீர்கள். தம்பிக்குச் சிப்ஸ், இவனுக்கு வெள்ளரிக்காய் என்றால் ஒளித்துத் தின்னப் பழகுவான். அப்பா உட்பட எல்லோருக்கும் ஒரே சமையல் இருக்கட்டும். மாமியாரிடமும், பேரனுக்கு அன்பாக வாங்கித் தருவது மாம்பழமாக இருக்கட்டும், ஐஸ்கிரீம் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் யாரும் "குண்டா" என்று விளையாட்டுக்குக்கூடக் கூப்பிடக் கூடாது. பள்ளியில் நடக்கும் கேலியை வகுப்பாசிரியரிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள்.

தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க விளையாட வேண்டும். சைக்கிள், கபடி, நீச்சல், எது பிடிக்கிறதோ அது. மூச்சு வாங்குவதால் ஓட்டப் பந்தயம் பிடிக்காமல் போகலாம், வற்புறுத்த வேண்டாம். தூக்கமும் குறைந்தது 9 மணி நேரம் வேண்டும். காலை 6-க்கு எழுப்புவதென்றால் இரவு 9-க்குள் படுக்க வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும்.

எடை பார்ப்பது மாதம் ஒருமுறை போதும், தினமும் மெஷினில் ஏற்றி நிறுத்த வேண்டாம். ஆனால் இந்த எடைக்கு ஒருமுறை குழந்தைகள் நல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார். கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். அது அழுக்கல்ல, எத்தனை தேய்த்தாலும் போகாது, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறி. தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ, இடுப்பு அல்லது முழங்கால் வலியோடு நொண்டினாலோ, மாதக் கடைசிவரை தள்ளிப்போடாமல் உடனே கூட்டிப் போங்கள்.