சூப்பர் என்று சொல்லிவிட்டேன், இப்போது என்ன செய்ய?

கேள்வி: பத்தாவது திருமண நாளுக்காகப் போன செப்டம்பரில் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போனோம். ஐந்து நாள் பேக்கேஜ், தேர்ந்தெடுத்தது என் கணவர். நான்கு நாள் விடாத மழை. கடற்கரை முழுக்கச் சிவப்புக் கொடி. பட்டியலில் இருந்த மாயா பே கடற்கரை மூடிக்கிடக்கிறது என்பதே அங்கே இறங்கிய பிறகுதான் தெரிந்தது. தங்கிய படோங்கிலோ தடுக்கி விழுந்தால் மசாஜ் கடை. அறையில் உட்கார்ந்து சண்டை போட்டதுதான் மிச்சம். கடைசி நாள் பழைய நகரத்தில் மழைக்கு ஒதுங்கிய இரண்டு மணி நேரம் மட்டும் நன்றாக இருந்தது. ஆனால் பத்து நிமிடம் வெயில் அடித்தபோது எடுத்த படத்தைப் போட்டு, எல்லோரிடமும் "சூப்பர்" என்று சொல்லிவிட்டேன். அதைப் பார்த்து என் நாத்தனார் குடும்பமும் அதே பேக்கேஜை, அதே செப்டம்பரில் எடுக்கப்போகிறார்கள். உண்மையைச் சொன்னால் கணவரை அவர் அக்காவிடம் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால் நாளைக்கு அவர்கள் நனைந்து வந்து என்னைக் கேட்பார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: சொல்லிவிடுங்கள், இன்றைக்கே. ஆனால் "நாங்கள் போனது வீண்" என்று ஆரம்பிக்காதீர்கள். "அண்ணி, செப்டம்பர் மட்டும் வேண்டாம்" என்று ஆரம்பியுங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் கஷ்டங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு மாதத்தில் வந்து முடிகிறது.

புக்கெட் இருப்பது தாய்லாந்தின் மேற்குப் பக்கம், அந்தமான் கடலில். கேரளத்தில் கொட்டுகிற அதே தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் அக்டோபர் வரை அங்கேயும் நேராக மோதுகிறது. செப்டம்பரும் அக்டோபரும் உச்சம். செப்டம்பரில் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும்; பிப்ரவரியில் ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்குதான். சிவப்புக் கொடியும் இதே கணக்குதான். அந்த மாதங்களில் படோங், கரோன், காத்தா கடற்கரைகளில் ஆளைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம் உண்டு. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையே அது விடுவதில்லை. உங்களைத் தடுத்த காவலர்மீது கோபம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மாயா பே விஷயம் வேறு. ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் படகில் வந்து இறங்கி அங்கே பவளப்பாறைகள் நாசமானதால் 2018இல் அதை மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகும் ஆகஸ்ட், செப்டம்பரில் ஓய்வு கொடுத்து மூடுகிறார்கள். சிமிலான் தீவுகளும் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியிருக்கும். இதெல்லாம் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிற விஷயம். செப்டம்பர் பேக்கேஜில் மாயா பே என்று எழுதி விற்றவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பு குறைவு என்றே எனக்குப் படுகிறது. ரசீதையும் பயணத் திட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். அதில் எழுத்தில் இருந்தால், அந்த ஒரு நாளுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு உதவாது.

சரி, உங்கள் கணவர்? விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார், மாதத்தைப் பார்க்கவில்லை. அறை ஏன் இவ்வளவு மலிவு என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். அது தப்புதான், மழுப்ப மாட்டேன். ஆனால் இதைப் பெரிய குற்றமாக்க எனக்கு யோக்கியதை இல்லை. நானே ஒரு ஜனவரியில் பாலிக்குப் போனவள். அங்கே அதுதான் மழைக்காலம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் கணக்கு அப்படியே தலைகீழ். படத்தில் பார்த்த கூட்டா கடற்கரையைத் தேடிப் போனால், ராத்திரி அலை ஒதுக்கிவிட்டுப்போன பிளாஸ்டிக் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. ஒற்றைச் செருப்பு, ஷாம்பு பாக்கெட், தென்னை மட்டை, மூங்கில் துண்டு. ஒரு இயந்திரம் எல்லாவற்றையும் வாரி லாரியில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் இப்படித்தான் என்று அப்புறம் தெரிந்தது. நானும் ஊருக்கு வந்து "அருமை" என்றுதான் சொன்னேன்.

நாத்தனாருக்கு வேறு மாதம் வசதிப்படாது என்றால் கடலை மாற்றச் சொல்லுங்கள். தாய்லாந்தின் கிழக்குப் பக்க வளைகுடாவில் இருக்கிற கோ சமுய் தீவுக்குச் சென்னையின் கணக்கு: வடகிழக்குப் பருவக்காற்றுதான் பெரிய மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நவம்பரில் அதிகம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் புக்கெட் நனையும்போது அங்கே பெரும்பாலும் வெயில் அடிக்கும். இல்லை, புக்கெட்தான் வேண்டும் என்றால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை போகட்டும். அதிலும் ஒரு எச்சரிக்கை: மழை நிற்கும், கூட்டம் இரண்டு மடங்காகும், வாடகை ஏறும். மசாஜ் கடை எந்த மாதத்திலும் அங்கேதான் இருக்கும். ஆகவே படோங்கில் அறை போட வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அவர்கள் முன்பணம் கட்டியிருக்கலாம். பரவாயில்லை, தேதி மாற்ற முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். பயணத்துக்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கும்போது முடியாது என்று சொல்பவர்கள் குறைவு.

இதை நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் சொல்வது நல்லது. அதற்கு முதலில் இந்தப் பருவக்காற்றுக் கணக்கை அவரிடம் காட்டுங்கள். "உங்களால்தான்" என்ற சொல் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். "அக்கா, நான் மாதம் பார்க்காமல் போட்டுட்டேன், நீ பார்த்துப் போடு" என்று தம்பி தானே சொன்னால் அதில் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது?

அப்புறம், அந்தப் பழைய நகரம். ஈயச் சுரங்கத்தில் பணம் பார்த்த சீன வணிகர்கள் கட்டிய வீடுகள் அவை. மாடி முன்னால் நீண்டு வந்து கீழே நடைபாதைக்குக் கூரையாக நிற்கும். மழைக்கும் வெயிலுக்கும் என்றே அப்படிக் கட்டினார்கள். தலாங் சாலையில் வீட்டுக்கு வீடு வளைவு வளைவாக அது தொடர்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒதுங்கி நின்றபோது நீங்கள் இரண்டு பேரும் படம் எடுத்துக்கொண்டீர்களா? இருந்தால் அதையும் நாத்தனாருக்கு அனுப்புங்கள்.